முசஃபா மெஸ்ஸில் பத்தாம் வகுப்பு

பெரியவர்களுக்குப் பத்தாம் வகுப்புப் பாடம் எடுப்பதில் ஒரு பெரிய சங்கடம், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவரிடம் "போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்ல முடியாது, அவரே இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவாக இருப்பார். இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். விடுங்கள், நானும் விட்டிருக்கிறேன்.

கணவருக்கு அபுதாபியில் வேலை. திருச்சியில் ஆசிரியையாக இருந்த நான் இங்கே வந்து சும்மா இருக்கப் பிடிக்காமல் இதில் இறங்கினேன். திறந்தநிலைப் பள்ளித் தேர்வு எழுதும் நம்மூர்த் தொழிலாளிகளுக்குத் தமிழும் சமூக அறிவியலும். இடம், அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரு தமிழ் மெஸ். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறப்போம். ரசம் வாசனையில்தான் பிரெஞ்சுப் புரட்சியே நடந்தது.

புரிஞ்சுதா?

முதல் மாதம் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எதை நடத்தினாலும், "புரிஞ்சுதா?" என்று கேட்ட மறு நொடி எல்லோரும் கட்டை விரலை உயர்த்திவிடுவார்கள். ஆஹா, என்ன மாணவர்கள் என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். மாதக் கடைசியில் ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் என்ன வேறுபாடு என்ற கேள்விக்கு ஒருவர் "தூரம்" என்று எழுதியிருந்தார். மற்றவர்கள் அதையும் எழுதவில்லை.

கோபத்தை அடக்கிக்கொண்டு, புரியவில்லை என்றால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கிரேன் ஓட்டும் சேகர் மெதுவாக எழுந்தார். பட்டுக்கோட்டைக்காரர், எல்லோருக்கும் பதிலாகப் பேசும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டவர். "கோச்சுக்காதீங்க டீச்சர். சைட்டுல தினம் காலையில சேஃப்டி ஆபீசர் பேசி முடிச்சிட்டு இதே மாதிரிதான் கேப்பாரு. புரியலைன்னு ஒருத்தன் சொன்னா முதல்லேர்ந்து ஆரம்பிப்பாரு. வெயில்ல யாரு நிக்கிறது?"

பெட்டியில் பாருங்க, பரணில் பாருங்க

பாண்டி வெல்டர். ஊர் பரமக்குடிப் பக்கம். மற்றப் பாடங்களை எப்படியோ முடித்துவிட்டு என்னுடைய இரண்டு பாடங்களுக்காக வந்து சேர்ந்தார். அவருடைய கம்பெனியில் ஃபோர்மேன் இடம் காலியாகி, மேனேஜர் இவரைத்தான் போட நினைத்திருந்தார். ஆனால் பத்தாவது சான்றிதழ் இல்லாமல் ஆகாது. தேர்வு முடிவு வரும்வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டம் வீட்டில் இருந்தது. பத்து வருடத்துக்கு முன் பெண் பார்த்தபோது தரகர் மாப்பிள்ளை பத்தாவது பாஸ் என்று அடித்துவிட்டார், இவரும் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டார். இப்போது வாய் தவறி ஃபோர்மேன் விஷயத்தை மனைவி செல்வியிடம் போனில் சொல்லிவிட, அவர், "சர்டிபிகேட்தானே, எங்க இருக்குன்னு சொல்லுங்க, எடுத்து அனுப்புறேன்" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து பாண்டிக்கு வாரம் ஒரு இடம் கண்டுபிடிப்பதே வேலை. தகரப் பெட்டி என்றார். அங்கே இல்லையாம். பரண் என்றார். அங்கேயும் இல்லையாம். மதுரையில் அண்ணன் வீட்டு பீரோ என்றார். செல்வி ஒவ்வொரு வாரமும் பொறுமையாக, அங்கும் இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மை தெரிந்தால் அந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் பாண்டிக்குப் பயம். ஃபோர்மேன் வேலை அதற்கு அப்புறம்தான். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் என்னிடம் கொட்டிவிட்டுச் சொன்னார்: "டீச்சர், தேடச் சொல்றதுக்கு எங்க வீட்டுல இனிமே இடமில்ல. எப்படியாவது பாஸ் பண்ண வச்சிருங்க."

ராமசாமி மாட்டை விற்ற கதை

பாண்டிக்குப் படிக்க வராது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகவே படிப்பார். படித்ததை நம்பமாட்டார், அதுதான் தொல்லை. ஒரு பத்தி கொடுத்து, கீழே கேள்வி கேட்டால், பத்தியில் இருப்பதை எடுத்து எழுத வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ராமசாமி என்ற விவசாயி மகளின் படிப்புக்காகக் கறவை மாட்டை விற்றார் என்று பத்தி சொன்னது. ஏன் விற்றார் என்று கேள்வி. பாண்டி அரைப் பக்கம் எழுதியிருந்தார். மச்சான்காரன் ஏதோ தூண்டிவிட்டிருக்கிறான், கறக்கிற மாட்டை எவனும் படிப்புக்காக விற்கமாட்டான், வீட்டில் ஏதோ பெரிய பிரச்சினை. மகளின் படிப்பு என்ற வார்த்தையே இல்லை.

பூஜ்யம் போட்டேன். மறுபடி ஒரு பத்தி கொடுத்தேன். அதில் வேலைக்கு நேரத்தோடு போகும் ஒரு குமாஸ்தா. மனைவியோடு சண்டை என்பதால்தான் அவன் சீக்கிரம் கிளம்புகிறான் என்று எழுதினார். எனக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது, தேர்வுக்கு ஆறு வாரம்தான் மிச்சம். மச்சானைப் பற்றிப் பத்தியில் ஒரு வரி காட்டுங்கள் என்று புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினேன். பாண்டி என்னைப் பாவமாகப் பார்த்தார். "அதெல்லாம் வெளிய எழுதுவாங்களா டீச்சர்? குடும்ப விஷயம்."

குடிமகனின் கடமைகள்

சமூக அறிவியலிலும் அதே கூத்துதான். குடிமகனின் கடமைகள் இரண்டு எழுதுக என்றால், தேசியக்கொடியை மதிப்பது, பொதுச் சொத்தைப் பாதுகாப்பது என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே? சேகர், "வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டுக்குப் போன் செய்வது, போனில் கேட்டதற்கு எல்லாம் சரி என்பது" என்று எழுதியிருந்தார். பாண்டி பக்கத்தில் உட்கார்ந்து அதை அப்படியே பார்த்து எழுதியிருந்தார்.

புத்தகத்தில் இருப்பதைத்தான் எழுத வேண்டும் என்று இருவரையும் பிடித்து உட்கார வைத்துப் பத்து முறை எழுத வைத்தேன். கணவரை வரச் சொல்லி வண்டியில் காக்க வைத்துவிட்டு இந்த வேலை. சேகர் பத்தாவது முறையும் எழுதிக் கொடுத்துவிட்டு, பேனாவை மூடியபடி சொன்னார்: "எழுதிட்டேன் டீச்சர். ஆனா புத்தகத்துல உள்ளதைச் செய்யலைன்னா கவர்மெண்டு நமக்கு போன் பண்ணிக் கேக்கப் போறதில்ல. நான் முதல்ல எழுதினதைச் செய்யலைன்னா வீட்டுல கேப்பாங்க."

தேர்வு மையத்தின் வாசல்

தமிழ்த் தேர்வன்று நான் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். வெயிலில் நிற்க எனக்கு வேண்டுதலா என்ன? வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். சேகர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். சேகர் எப்போதும் சிரித்துக்கொண்டேதான் வருவார் என்பதால் அதில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியாகப் பாண்டி வந்தார், சட்டை முழுக்க வியர்வை.

பத்தி எப்படி என்று கேட்டேன். ஊர்க் குளத்தை எல்லோரும் சேர்ந்து தூர் வாரிய கதையாம். எல்லோரும் ஒற்றுமையாக வந்தார்கள் என்று போட்டிருந்ததாம். ஒற்றுமை, ஊர், குளம் என்று இந்த மனிதருக்குச் சண்டை போட இதைவிட வேறு என்ன வேண்டும்? என்ன எழுதினீர்கள் என்று பயந்துகொண்டே கேட்டேன். "ஒத்துமையா வந்தாங்கன்னே எழுதிட்டேன் டீச்சர். எழுதினேனே ஒழிய நம்பல."

அந்த இடத்திலேயே எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

எத்தனை மார்க்?

முடிவு வந்த அன்று சேகர்தான் முதலில் கூப்பிட்டார். அவரும் பாண்டியும் பாஸ். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கம் என்ன இருக்கிறது இதில். பாண்டியைக் கூப்பிட்டு வாழ்த்தினேன். மேனேஜர் கை குலுக்கினாராம், அடுத்த மாதத்திலிருந்து ஃபோர்மேன். ஆனால் குரலில் சுரத்தே இல்லை. கேட்டதற்கு, இவ்வளவு பெரிய சந்தோஷத்தை வீட்டில் சொல்ல முடியவில்லையே, அங்கே நான் எப்போதோ பாஸ் ஆனவன் அல்லவா என்றார். பழைய சான்றிதழ் கிடைத்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடலாமா என்று என்னிடமே யோசனை கேட்டார். உங்கள் வீட்டு விஷயம், நீங்களே முடிவு செய்யுங்கள் என்றேன். அது எனக்குத் தெரிந்த பாடம் இல்லை.

அடுத்த ஞாயிறு, பாடம் எதுவும் இல்லாமலே மெஸ்ஸுக்கு வந்தார், முகமெல்லாம் மலர்ச்சி. முந்தின நாள் செல்விக்குப் போன் போட்டு, தரகர் சொன்ன பொய், தான் மூடிக்கொண்டிருந்த வாய், இந்த வருடப் படிப்பு என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டாராம். அதற்குச் செல்வி சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எனக்குச் சொன்னார்: "எங்க சித்தப்பா மகன் உங்க கூடப் படிச்சவன்தானே, கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். நீங்களா ஒருநாள் சொல்லுவீங்கன்னு இருந்தேன். பரண்ல எல்லாம் நான் ஏறவே இல்ல. சரி, எத்தனை மார்க்?"

ஒரு வருடம் தொண்டை வற்றக் கத்தி நான் பாஸாக்கிய ஆளுக்கு, அந்த அம்மா பத்து வருடம் முன்பே பாஸ் போட்டு வைத்திருந்தார்.