அண்ணனின் இடது கால்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஆளை நிறுத்திப் பென்சிலால் உருவம் வரைந்த பெண் நான் ஒருத்திதான். வேறு யாரும் இருந்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

சென்னை ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பழகிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் யாரையாவது நிற்கச் சொன்னால் பவுடர் போட்டு, தலைசீவி, ஸ்டுடியோவில் நிற்பதுபோல விறைத்து நிற்பார்கள். அதில் எலும்பும் தெரியாது, எடையும் தெரியாது. என் அண்ணன் மட்டும் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து, பனியனோடு சுவரோரம் சும்மா நிற்பான். ஒரு மணி நேரம் காலை மாற்ற மாட்டான். எவ்வளவு நல்ல மாடல் என்று மெச்சிக்கொண்டேன்.

நூலில் சாவியைக் கட்டி, என் கண்ணுக்கு நேரே தொங்கவிட்டுத்தான் ஆளை அளப்பேன். எடை எந்தக் காலில் இருக்கிறதோ, தொண்டைக்குழியிலிருந்து விட்ட நூல் அந்தக் கணுக்காலுக்கு வரும். அந்தப் பக்கம் இடுப்பு ஏறும், தோள் இறங்கும். இது பிடிபட்டால் பாதிப் படம் முடிந்தது. எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஒருநாள் முப்பது தாள்களைத் தரையில் பரப்பிப் பெருமையாகப் பார்த்தேன். முப்பதிலும் எடை இடது காலில். நின்று களைத்தவன் கால் மாற்ற வேண்டாமா?

"அண்ணே, வலது கால்ல நில்லு."

"இதே போதும்ட்டி. வரை."

விடவில்லை. வலது காலை ஊன்றினான். உடனே சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"ஆறு மாசமா இடுப்புல வலி. பெர்மனென்ட் ஆகப்போற நேரத்துல தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாக. அப்பாகிட்ட வாயத் தொறந்த, அம்புட்டுதான்."

அன்றைக்கே வாயைத் திறந்தேன். அப்பா அவனை ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். நானும் தாள்களைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். டாக்டர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இடுப்பு மூட்டு கெட ஆரம்பித்திருந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் ஆயுளுக்கும் நொண்டியிருப்பான் என்றார்.

மாதக்கணக்கில் வைத்தியம். மில்லில் அவனுக்குப் பின்னால் சேர்ந்தவன் பெர்மனென்ட் ஆனான். அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்தினான். கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தபோதும் ஒரு வார்த்தை இல்லை. நான் செய்தது சரிதான் என்று அப்போதும் தெரியும். தெரிந்து என்ன, நெஞ்சு வலிக்கத்தான் செய்தது.

முதல் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். சாயங்காலம் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தபோது அண்ணன் எதிரே வந்து, வலது காலை ஊன்றி நின்றான். சுவரைப் பிடிக்கவில்லை.

"ம், வரைட்டி."

அரை மணி நேரம் நின்றான். நான் அழுத அழுகையில் படத்தில் தோள் ஒரு பக்கமும் இடுப்பு ஒரு பக்கமும் போயின. நான் வரைந்ததிலேயே மோசமான படம் அதுதான். என் வீட்டில் மாட்டியிருப்பதும் அதுதான்.