கரண்டுப் பெட்டியும் கண்ணாயிரத்தின் முதுகும்

உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சின் சில்லிப்பு... அதை முதுகில் வைத்து, மேலே ஒரு தகடு வைத்துக் கட்டுவார் கம்பவுண்டர். முதலியார்பேட்டையில் நான் தறி ஓட்டிய மில்லில், முதுகு வலி என்று போனால் இதுதான் வைத்தியம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் போனில் தட்டுகிறாள். பழைய மில் கூட்டாளிகளும் அவர்கள் பிள்ளைகளும் படிப்பீர்களாம்.

தகட்டிலிருந்து கம்பி கரண்டுப் பெட்டிக்குப் போகும். அதன் குமிழைத் திருகினால் முதுகில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். இன்னும் திருகினால் சதை தானாகத் துடிக்கும். சில நாள் பஞ்சில் மருந்தும் ஊற்றுவார். கரண்ட் அதைத் தோல் வழியாக உள்ளே தள்ளுமாம்.

"ஊசியும் இல்ல, ஓட்டையும் இல்ல. மருந்து எப்பிடிய்யா உள்ள பூரும்?" என்பான் பக்கத்துத் தறி கண்ணாயிரம்.

"மருந்தாவது ஒண்ணாவது... பொய் சொல்றோமான்னு நம்ம மூஞ்சியப் பாக்கறதுக்கு வச்சிருக்கிற பெட்டிடா அது" என்பேன்.

சும்மா சொல்லவில்லை. பெட்டியை அணைத்ததும் கம்பவுண்டர் கேட்பது ஒரே கேள்வி: "வலி கொறஞ்சுதா?"

குறைந்தது என்றால் உடனே தறிக்குப் போக வேண்டும். இல்லை என்றால் வீட்டுக்கு. அதனால் எங்களில் யாருக்கும் வலி குறைந்ததே கிடையாது.

கண்ணாயிரம் ஒருநாள் சொல்லிவிட்டான். சூது தெரியாதவன்...

"ஆமாங்க, கொறஞ்சாப்புலதான் இருக்கு."

முதுகில் ஈரம்கூடக் காயவில்லை. தறிக்கான பாவு நூல் சுற்றிய இரும்பு உருளையைத் தூக்கச் சொன்னார்கள். வலி தெரியாததால் அவனும் முழுப் பாரத்தையும் தாங்கினான். அப்படியே உட்கார்ந்தவன்தான்... பிறகு தறிப்பக்கம் வரவேயில்லை.

இப்போது எனக்கு முட்டி வலி. உழவர்கரையில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கு மகள் கூட்டிப்போனாள். ஏசி அறை. ஒட்டுகிற ரப்பர் பட்டை. பெட்டி கைக்குள் அடங்கிவிடுகிறது. எறும்பு மட்டும் அதே எறும்பு.

"வலி கொறஞ்சுதா தாத்தா?" என்றாள் அங்கிருந்த பெண்.

"இல்லம்மா."

மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கடைசியில் அந்தப் பெண் மகளிடம், "இதுல கேக்கலன்னா டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா. முட்டிக்குள்ள ஊசி போடச் சொல்லுவாரு" என்றாள்.

முட்டிக்குள் ஊசியா! வலி முதல் நாளே குறைந்திருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"கொறஞ்சுதுன்னு சொன்னா இன்னா வேல குடுப்ப?" என்று கேட்டேன்.

சிரித்தாள். "உங்களுக்கு என்ன தாத்தா வேல? வீட்டுக்குப் போயி கால நீட்டி உக்காருங்க. பாரம் மட்டும் தூக்காதீங்க. வலி தெரியலன்னு தூக்கிட்டா இன்னும் மோசமாயிடும்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அப்பிடின்னா... கொறஞ்சிருக்கு."

அன்றைக்கும் இதே கரண்ட்தான். இதே கேள்விதான். அதன் பின்னால், பாரம் தூக்காதே என்ற இந்த ஒரு பேச்சை மட்டும் கண்ணாயிரத்திடம் யாரும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் மகள் காய்கறி வாங்கினாள். "கொஞ்சம் புடிப்பா" என்று பையை நீட்டினாள்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.