வீடு பார்க்க வந்தவர்கள் ஏன் ஓடினார்கள்?

தி.நகரில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டை விற்க முடிவு செய்தோம். "ஹால் காலியா, நல்ல வாசனையா இருந்தா பார்த்ததும் புடிச்சிடும்மா" என்றார் புரோக்கர். நானும் சோபாவைப் படுக்கையறைக்குள் தள்ளிவிட்டு, நாற்காலிகளை வாசலுக்கு வெளியே வரிசையாகப் போட்டேன். நடு ஹாலில் தட்டு நிறைய சம்பங்கிப் பூ, பக்கத்தில் குத்துவிளக்கு. வாசனைக்கு வீடு முழுக்கச் சாம்பிராணி.

அசோக் நகரிலிருந்து வந்த தம்பதி வாசலிலேயே தயங்கினார்கள். அந்த அம்மாள் மெல்ல உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பம்மா ஆச்சு?" என்றார்.

விற்பதற்காக வீட்டுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்ததைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "நேத்து சாயங்காலம்தாங்க முடிஞ்சுது" என்றேன்.

"வயசு?"

வீட்டின் வயதைச் சொன்னேன். "இருபத்திரண்டுங்க."

"அடக் கடவுளே!" அவர் கண் கலங்கிவிட்டது.

அவருடைய கணவர் என் கணவரின் தோளைத் தொட்டு, "எப்ப சார் எடுக்கறீங்க?" என்றார்.

சாமான்களைக் கேட்கிறார் என்று இவர் நினைத்துவிட்டார். "நீங்க அட்வான்ஸ் குடுத்ததும் எடுத்துடுவோம் சார்!" என்றார், வாயெல்லாம் பல்லாக.

அடுத்த நிமிடம் இருவரும் படியிறங்கி ஓடினார்கள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரோக்கர் போன் செய்தார். "பொணத்த வெச்சிக்கினு அட்வான்ஸ் கேக்கறாங்கன்றாங்க. இன்னாம்மா இது?"

இப்போதெல்லாம் வீடு பார்க்க யார் வந்தாலும் சோபா ஹாலில்தான் இருக்கிறது, டீவி ஓடுகிறது. கதவைத் திறந்ததும், "நாங்க எல்லாரும் சௌக்கியம், உள்ள வாங்க" என்றுதான் ஆரம்பிக்கிறேன்.