ஒன்றேகால் அந்தர்

வண்டியின் குலுக்கலைத் தாங்கும் வில்லிலிருந்து ஒரு தகட்டைக் கழற்றியதுதான் நானும் அப்பாவும் சேர்ந்து செய்த கடைசி வேலை. அவர் வண்டியைத் தோளால் தாங்கிக்கொள்ள, நான் திருகாணியைக் கழற்றினேன்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"சரி, கை கழுவு. சாப்புடலாம்."

அப்பா கிறகரி, கண்டியில் ஒரு கோப்பி ஸ்டோரில் நிறுவைக்காரர். தோட்டங்களிலிருந்து வரும் மூட்டைகளை ஈரம் பார்த்துத் தராசில் நிறுப்பது அவர் வேலை. நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல் ஓர் அந்தர். மனிதர்களையும் அந்தர் கணக்கில்தான் பார்ப்பார். கோயிலில் புதுப் பங்குச் சாமியாரை முதன்முதலாகப் பார்த்தபோது, "ஒன்றரை அந்தர், கொஞ்சம் ஈரம்" என்று என் காதில் சொன்னார்.

அவருடைய அக்கா யோசப்பின், கோப்பித் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவரை மணந்து மடுல்கெல்லைக்குப் போனவர். மாமா இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி விழுந்ததில் அத்தைக்கு இடுப்பு எலும்பு முறிந்தது, சரியாகக் கூடவில்லை. தம்பியோடு வந்து இருந்துவிடுகிறேன் என்று சொல்லியனுப்பினார். அப்பா மாட்டுவண்டி அனுப்பினார். குலுக்கல் தாங்காமல், பாதி வழியில் உள்ள வத்தேகம வருவதற்குள் அத்தை வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் ஏற மறுத்தார்.

அப்போதுதான் அப்பா அந்தப் பந்தய வண்டியை வாங்கினார். ஒரு துரை வேகமாக ஓட்டிக் கவிழ்த்துவிட்டு, இனி வேண்டாம் என்று தள்ளிவிட்ட இரட்டைச் சக்கர வண்டி. அக்குறணையில் குதிரை வாடகைக்கு விடும் லாபிர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"தொரயவே தூக்கி வீசின வண்டி இது. ஒங்க ராத்தாவ சும்மா வுடுமா?"

"வீசுறதுக்கு மொதல்ல ஒங்க குதிர ஓடணுமே, நானா" என்றார் அப்பா. லாபிர் வீட்டுப் பேச்சில் ராத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன்.

நான் புகைவண்டிப் பட்டறையில் வேலை பழகியவன். வண்டியின் குறை பார்த்தவுடன் தெரிந்தது. இருக்கை உயரம், சக்கரங்களுக்கு இடையே அகலம் போதாது. வளைவில் கவிழாமல் என்ன செய்யும்? அச்சை நீளமாக்கினோம். வில்லை அச்சுக்குக் கீழே கட்டி, வண்டியைத் தாழ இறக்கினோம். மெல்லிய சக்கரப் பட்டை சேற்றுத் தடத்தில் இறங்கிச் சிக்கும் என்பதால், விளிம்பை அகலமாக்கி அகலமான பட்டை போட்டோம். விறைத்த வில்லுக்குப் பதிலாக மெல்லிய தகடுகள். அது பள்ளத்தில் அமுங்கி மேலே துள்ளாமலிருக்க ஒரு தோல் வார்.

பிறகு அப்பா ஒன்றேகால் அந்தர் கோப்பியை மூட்டையாகக் கட்டி இருக்கையில் வைத்தார். அத்தையின் எடை அது. கல்யாணத்துக்கு முன்பு ஒருநாள், விளையாட்டாக அவரைத் தராசில் ஏற்றி நிறுத்திருந்தார். கட்டுகஸ்தோட்டை வளைவில் குதிரையை விரட்டினோம். சக்கரம் தரையை விட்டு எழவில்லை. அப்பா மூட்டையைத் திரும்பிப் பார்த்தார்.

"எப்புடிக்கா இருக்கு?"

அடுத்த நாள் லெட்சுமணன் வந்தார். மடுல்கெல்லையில் அத்தைக்குப் பக்கத்து வீடு. தோட்டத்துத் தபால் சுமப்பவர். இருக்கையில் மூட்டை எதற்கு என்று கேட்டார்.

"அக்கா நெற. ஒன்னேகால் அந்தர்."

லெட்சுமணன் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார். "அது அப்போங்கய்யா. இப்ப நா ஒத்த ஆளா தூக்கித்தான் வெயில்ல ஒக்கார வைக்கிறேன். முக்கா அந்தர் இருந்தா பெருசு."

மூட்டையை எப்போதும் கவிழ்த்துத்தான் குறைப்பார் அப்பா. அன்று வாயை அவிழ்த்து, கையால் அள்ளி அள்ளி வெளியே போட்டார். நிறுத்தார். மறுபடி அள்ளினார். முக்கால் அந்தர் ஆனதும் அந்தச் சின்ன மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அதை இருக்கையில் வைத்து ஓட்டினோம். வில் அமுங்கவே இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் மூட்டை எகிறி விழுந்தது. "இப்புடித்தான் அவளயும் குலுக்கியிருப்பேன்" என்றார். வில் இளகட்டும் என்று அன்று மாலைதான் தகட்டைக் கழற்றினோம். பிறகு மூட்டை அசையவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் புறப்பட்டு வருவதாக அத்தைக்குச் சொல்லியனுப்பினார். வெள்ளிக்கிழமை ஸ்டோரில், தராசுக்குப் பக்கத்தில் விழுந்தார். நான் போனபோது சாக்கு விரித்துக் கிடத்தியிருந்தார்கள். உயிர் இல்லை.

எது நின்றுபோனாலும் காரணம் தேடுவது என் தொழில். இதில் தேட ஒன்றும் இல்லை. அவர் வேலை முடிந்து வரும் நேரத்தில் வாசல் படலைப் பார்க்கிறேன். சோற்றை இரண்டு பேருக்கு வடிக்கிறேன்.

நேற்று லெட்சுமணன் மறுபடி வந்தார். செய்தி கேட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார்.

"இதப் போயி அந்தம்மாக்கிட்ட எப்புடிச் சொல்றது? சேலயெல்லாம் மடிச்சு வச்சிருக்கு. ஞாயித்துக்கெழம விடிஞ்சதுலருந்து தல சீவி வாசல்லயே இருந்துச்சு. வழியில மழ புடிச்சிருக்கும், எந் தம்பி வந்துருவான்னு சொல்லுது. அவன் ஓட்டுனாத்தான் ஏறுவேங்குது."

குதிரையைத் தருவதாக லாபிர் சொல்லிவிட்டார். எனக்கும் வண்டி ஓட்டத் தெரியும். ஆனால் நான் போய் நின்றால், அப்பா இல்லை என்பது அத்தைக்குத் தெரிந்துவிடும்.

அத்தையை அழைத்து வர அப்பா இன்னும் போகவில்லை.