ஐஸ் பிளான்ட்டுக்கு வந்த கொக்கு

ஐஸ் பிளான்ட்டில் அம்மோனியா அழுத்தத்தைக் காட்டும் மென்பொருள் எழுதுகிறவன் நான். எண் சரியாக இருந்தால் போதும், அழகு எதற்கு என்பது என் கட்சி. திருவரங்குளத்தில் ஃபிளெக்ஸ் கடை நடத்தும் என் மனைவி, ஜெகதாப்பட்டினத்து முதல் ஆர்டருக்காக நான் கிளம்பும் முன்பே என் சாம்பல் நிறத் திரையைச் சொல்லாமல் மாற்றிவிட்டாள். கறுப்பில் சாண் உயர மஞ்சள் எண்கள். மூலையில் ஒற்றைக்காலில் ஒரு கொக்கு.

அங்கே போய்க் கம்ப்ரசரோடு இணைத்துத் திரையைத் திறந்தபோதுதான் பார்த்தேன். "என்னங்க, காதுகுத்து பேனரா?" என்றார் முதலாளி. ஆர்டர் போச்சு என்று ஐஸ் கட்டிகளுக்கு நடுவிலேயே எனக்கு வேர்த்தது. தப்பிக்கப் பாத்ரூம் எங்கே என்று கேட்டேன். அதுவும் பூட்டியிருந்தது.

அப்போது திரை முழுதும் சிவந்தது. கொக்கு இறக்கையை விரித்தது. கொட்டகையின் அந்தக் கடைசியில் ஐஸ் தூக்கிக்கொண்டிருந்தவர், "மொதலாளி, பிரஷர் ஏறுது, அங்கிட்டே நில்லுங்க" என்று ஓடிப்போய்க் கம்ப்ரசரை நிறுத்தினார். என் பழைய திரையாக இருந்தால் மூக்கை ஒட்டிவைத்துத்தான் படித்திருக்க வேண்டும்.

முதலாளி மூச்சு விட்டார். "இந்தக் கொக்கையே மாட்டுங்க."

இப்போது மீமிசல் வரைக்கும் ஐஸ் பிளான்ட்டுகளில் என் மென்பொருளுக்குக் கொக்கு என்றுதான் பெயர். என் பெயர் யாருக்கும் தெரியாது. "கொக்குக்காரம்மா வீட்டுக்காரரா? வாங்க, வாங்க" என்கிறார்கள். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் உள்ளே போகிறேன்.