லோர்னின் தேனீ லாரியும் ஒரிசியாவின் வின்ச்சும்

ஒரிசியா போட்னார்ச்சுக்கை நான் முதன்முதலில் பார்த்தபோது, சேற்றில் புதைந்த லாரியின் கூரைமேல் உட்கார்ந்திருந்தேன். பூச்சியியல் படித்து, எங்கள் வீட்டிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் தேனீப் பரிசோதகராகச் சேர்ந்த முதல் வசந்தம் அது. தேனீ வளர்க்கும் லோர்ன் பிட்ஹிர்னி தன் தேன்பெட்டிகளை வேறு வயலுக்கு மாற்றும்போது கூடவே போயிருந்தேன். வயலுக்குள் இறங்கிய லாரி, பனி உருகி ஊறிய மண்ணில் முன்சக்கரத்தோடு அமிழ்ந்துவிட்டது.

மாட்டிய வண்டிகளை இழுத்தெடுக்கும் ஒரிசியாவை அப்போதே கூப்பிட்டிருக்கலாம். லோர்ன் விடவில்லை.

"வேண்டாம்டா தம்பி. நாளைக்குக் காபிக் கடையில என்னை உரிச்சு எடுத்துடுவானுங்க."

சேற்றில் மாட்டியவனைச் சாகும்வரை கேலி செய்வது அந்த ஊர் வழக்கம். அதற்குப் பயந்து லோர்ன் ஆக்சிலேட்டரை மிதிமிதியென்று மிதித்தார். பின்சக்கரங்களும் அச்சு வரை இறங்கின. வெயில் ஏறியது. பெட்டிகள்மேல் போர்த்திய வலைக்குள் தேனீக்களின் இரைச்சல் மாறியது. பெட்டிக்குள் சூடு கூடினால் மெழுகு இளகிவிடும், கூட்டம் கூட்டமாகச் செத்துவிடும். அவருடைய ஆண்டு வருமானம் முழுக்க அந்த லாரியில்தான் இருந்தது.

"கூப்பிட்டுத் தொலை" என்றார். சிக்னலுக்காகத்தான் கூரைமேல் ஏறினேன்.

சாலைப் பராமரிப்பில் வேலை பார்த்த ஒரிசியா, தன் பிக்கப் வண்டியின் பின்னால், வடம் சுற்றி இழுக்கும் வின்ச் பூட்டிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்தார். குட்டையான, அகன்ற தோள்கொண்ட பெண்மணி.

"என்ன லோர்ன், லாரியை விதைச்சிட்டியா? எப்ப முளைக்கும்?"

"வாயை மூடிட்டு இழு ஒரிசியா. பின்னாடி உருண்டை இருக்கு, அதுல மாட்டு. ஒரே நிமிஷம்."

பம்பருக்குக் கீழே டிரெய்லர் பூட்டும் இரும்பு உருண்டை நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் எல்லோரும் அதில்தான் சங்கிலியைப் போடுவார்கள்.

"அது ஓடுற டிரெய்லருக்குடா. சேத்துல இருந்து பிடுங்குனா முறிஞ்சு பீரங்கிக் குண்டாப் பறக்கும். என் வண்டி பின்கண்ணாடி எப்படிப் போச்சுன்னு மறந்துட்டியா? அன்னைக்கு சீட்டுல ஆள் இல்ல, தப்பிச்சேன்."

அதற்குள் போகிற வருகிற பிக்கப்புகள் எல்லாம் நின்றுவிட்டன. ஆளுக்கொரு காபிக் கோப்பை, ஆளுக்கொரு யோசனை.

"பெர்னி, உன் தண்ணி டேங்கர் எங்க? பேசுற நேரத்துக்குப் பெட்டி மேல அடி" என்றார் ஒரிசியா, கூட்டத்தில் ஒருவரிடம்.

"பூச்சிமருந்து கலந்த டேங்கா?" என்று கூரைமேலிருந்தே கத்தினேன்.

"சுத்தத் தண்ணிதான், படிச்சவரே, கீழ இறங்குங்க!" என்றார் பெர்னி. எல்லோரும் சிரித்தார்கள். நான் இறங்கினேன்.

அவர்கள் வலைமேல் தண்ணீர் பீய்ச்சும்போது ஒரிசியா தன் வேலையைப் பார்த்தார். டிரெய்லரைக் கெட்டியான சரளைச் சாலையில், லாரிக்கு நேர்கோட்டில் நிறுத்தினார். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிரெய்லரின் ஊன்றுகால்களை மண்ணில் இறக்கினார். லாரியின் சேஸிஸ் சட்டத்தில் கப்பியைப் பூட்டி, இரும்பு வடத்தை அதில் சுற்றி டிரெய்லருக்கே திருப்பிக் கொண்டுவந்தார். பாரம் பாதியாகும். வடத்தின்மேல் கனமான ஈரக் கம்பளியைப் போட்டார். அறுந்தால் அது துள்ளாமல் அமுக்கும்.

"எல்லாரும் அந்த வேலிக்குப் பின்னாடி போங்க. லோர்ன், நீ கேபின்ல உக்காந்து ஸ்டியரிங்கை நேரா பிடி. ஆக்சிலேட்டர்ல கால் பட்டுச்சு, இறக்கி விட்டுடுவேன்."

நீளமான ஒயர் கொண்ட சுவிட்சோடு தன் பிக்கப்பின் மறைவில் நின்றுகொண்டார். வடம் விறைத்தது. அந்த நேரம் பார்த்து, மறந்துவிட்ட குழாயை எடுக்க பெர்னி வடத்தைத் தாண்டி நடந்தார். வின்ச் நின்றது.

"ஏன் நிறுத்துற? உள்ள சாகுது ஒரிசியா!" என்று லோர்ன் அலறினார். அழுகிற குரல்.

"பெர்னியும் சாகணுமா? டேய் பெர்னி, வெளிய வா!"

பெர்னி முகம் சிவந்து வேலிக்கு ஓடினார். ஒரிசியா மறுபடி சுவிட்சைத் தட்டினார். டிரெய்லர் முனகியது, ஒரு கட்டை நழுவியது. உடனே நிறுத்தி, வடத்தைத் தளர்த்தி, கட்டையை அடித்து இறுக்கினார். அவசரமே இல்லாத கைகள்.

மூன்றாவது முறை சேறு பெரிதாக உறிஞ்சும் சத்தம் போட்டது. லாரி ஓர் அங்குலம் அசைந்தது, பிறகு ஓர் அடி, பிறகு ஒழுகும் சேற்றோடு சரளைமேல் ஏறி நின்றது. யாரும் கைதட்டவில்லை. வடம் தொய்ந்து தரையில் படும்வரை ஒரிசியா ஒருவரையும் கிட்டவே விடவில்லை.

பெட்டிகளை நிழலில் இறக்கி மூடிகளைத் திறந்தேன். ஓரத்துப் பெட்டிகள் சிலவற்றில் கொஞ்சம் சேதம். மற்றவற்றில் ராணித் தேனீ நலம், சீரான ரீங்காரம். அதைச் சொன்னதும் லோர்ன் சாலையோரத்தில் பொத்தென்று உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். ஒரிசியா அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஃபிளாஸ்கைத் திறந்தார்.

ஒரிசியா இப்போது சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கனோரா ஊருக்கு வடக்கே தன் மகளோடு இருக்கிறார். வின்ச் டிரெய்லர் அவரிடம்தான் இருக்கிறது, சேற்றுக் காலத்தில் கூப்பிட்டால் வருகிறார்.