நிக்கிறேன்மா

இது நடந்தது. நடக்கவில்லை என்பவர்கள் எல்லாம் அன்று லீவில் இருந்தவர்கள். பட்டப்பகல். பேய் வருவதற்கு லாயக்கில்லாத நேரம்தான். நான் என்ன செய்ய?

அந்த ஆபீஸில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து பஸ் நேரம் சொல்லும் ஆப் ஒன்றை எழுதினார்கள். அவன் பழைய முறைக்காரன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு த்ரெட்டை, புரோகிராமுக்குள் ஓர் ஏவலாள் மாதிரி, நிறுத்திவைப்பான். பதில் வரும்வரை அது கால் கடுக்க நிற்கும். நிற்கத் தொடங்கும்போது ஆப்பின் குறிப்பேடான லாக்கில் ஒரே ஒரு வரி எழுதும்: "நிக்கிறேன்மா."

"அண்ணன் லாக் எழுதுறாரா, லவ் லெட்டர் எழுதுறாரா?" என்பான் பக்கத்து சீட்டுக்காரன்.

ஐந்து மாதத்துக்கு முன் அவன் போய்விட்டான். மாரடைப்பு. அவன் எழுதிய புரோகிராம் கோடு மட்டும் மிஞ்சியது.

அதை அழித்துப் புது முறைக்கு மாற்றும் வேலை அவள் தலையில் விழுந்தது. புது முறையில் யாரும் நிற்பதில்லை. பதில் வரும்வரை வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள முடியணும்," என்றார் டீம் லீட். "கஷ்டம்னா சொல்லும்மா, வேற ஆளைப் போடறேன்."

"வேணாம் சார். நானே பண்றேன்."

எல்லாவற்றையும் மாற்றினாள். அவனுடைய ஒரு த்ரெட்டை மட்டும் நடுவில் விட்டுவைத்தாள். மனசு வரவில்லை. செய்யக்கூடாத காரியம் அது. பழசு புதுசுக்காகக் காத்திருக்கும், புதுசு பழசுக்காகக் காத்திருக்கும். ஆப் உறைந்துபோகும்.

உறைந்தது. மணி 11:52.

லாக்கில் கடைசி வரி: "நிக்கிறேன்மா."

11:53. மறுபடி அதே வரி.

உறைந்த த்ரெட் எழுதாது. அவளுக்குத் தெரியும்.

11:54. "நிக்கிறேன்மா."

ஆப்பை நிறுத்தினாள்.

11:55. "நிக்கிறேன்மா."

ஆப்பைச் சோதிக்கும் டெஸ்ட் போனின் கேபிளைப் பிடுங்கினாள். டக்.

11:56. கோடில் எங்குமே இல்லாத வரி...

"போகவா?"

"வேணாங்க," என்றாள். "இருங்க... கொஞ்ச நேரம்..."



எழுந்து போய் முகம் கழுவினாள். திரும்பி வந்து ஆப்பைத் திறந்தாள்.

ஓடியது. வழுக்கிக்கொண்டு ஓடியது. கோடில் அவனுடைய பழைய த்ரெட்டைக் காணோம்.

யார் அழித்தது? மாற்றங்களின் பதிவேட்டைத் திறந்தாள். 11:57. அவன் பெயர்.

"அண்ணன் அக்கவுண்டா?" பக்கத்து சீட்டுக்காரன் எட்டிப் பார்த்தான். "அக்கா... அதை அஞ்சு மாசம் முன்னாடியே நான்தான் என் கையால மூடினேன்."

அழித்ததற்குக் காரணம் எழுதும் கட்டத்தில் ஒரு வரி இருந்தது.

"நீ அழிச்சா அழுவே. அதான்."